அயனைசர்: வேலைக்கு வேண்டும்... வீட்டுக்கு வேண்டாம்!

நைலான் புடவையை மடிக்கும்போது 'படபட'வென்று சத்தம் கேட்டிருப்பீர்கள். பிளாஸ்டிக் சீப்பால் தலை வாரிவிட்டு, அதே சீப்பைக் கிழித்த காகிதத் துண்டுகளுக்கு அருகே கொண்டுபோனால் துண்டுகள் துள்ளி வந்து ஒட்டிக்கொள்வதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். பழைய பெட்டி டி.வி.யின் கண்ணாடி அருகே கையைக் கொண்டுபோனால் கை ரோமம் சிலிர்த்து நிற்குமே, அதுவும் இதே சமாச்சாரம்தான். இதற்குப் பெயர் நிலைமின்சாரம். இரண்டு பொருள்கள் உராய்ந்து பிரியும்போது ஒன்றில் மின்சுமை கூடிவிடுகிறது, மற்றதில் குறைந்துவிடுகிறது. போக வழியில்லாமல் அங்கேயே தங்கி நிற்பதால் 'நிலை'மின்சாரம். அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சின்ன விஷயத்தை வைத்துக்கொண்டு எத்தனை பயம், எத்தனை வியாபாரம்! "உடம்புல கரண்ட் ஜாஸ்தியாயிடுச்சு டாக்டர், கதவைத் தொட்டா சுரீர்ங்குது, நரம்புத் தளர்ச்சியா?" என்று கேட்கிறவர்கள் ஒரு பக்கம். "நெகடிவ் அயனி மெஷின் ஒண்ணு வாங்கி வச்சா ஆஸ்துமா போயிடுமாமே, நிஜமா?" என்று கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம்.

முத்தாண்டிக்குப்பம் பக்கம் வைத்தியம் பார்க்கிறவனுக்கு இந்த இரண்டு கேள்விகளும் இப்போது அடிக்கடி வருகின்றன. காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் நெய்வேலி சாம்பல் தூசிக்குப் பயந்து வீட்டுக்கு மெஷின் வாங்க நினைக்கிறவர்கள். இன்னொரு பக்கம், கடலூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிகளுக்குப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய பெற்றோர்கள். அங்கே வேலை மேஜைக்கு மேலே 'அயனைசர்' என்ற கருவி ஊதிக்கொண்டிருக்கிறது. அது பிள்ளையை ஏதாவது செய்துவிடுமோ என்ற கவலை இவர்களுக்கு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அயனைசர் ஒரு தொழிற்கருவி. வேலைக்கூடத்தில் அதற்கு நியாயமான இடம் உண்டு, ஒழுங்காகத் துடைத்துப் பராமரித்தால்! அது மருந்து அல்ல. வீட்டுக்குள் அதை மருந்தாகக் கொண்டுவருவது வீண் செலவு. சில வீடுகளில் தீங்கும்கூட.

உடம்பில் கரண்ட் 'ஜாஸ்தி'யா?

முதல் பயத்தைத் தீர்த்துவிடுவோம். கதவுப் பிடியைத் தொட்டதும் சுரீர் என்றால் அது நோய் இல்லை. நரம்புத் தளர்ச்சி இல்லை. வாத தோஷமும் இல்லை. காற்று உலர்ந்திருக்கிறது, நீங்கள் பாலியஸ்டர் உடுத்தியிருக்கிறீர்கள், பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருக்கிறீர்கள். காரணம் அவ்வளவுதான்.

ஈரக் காற்றில் சுமை மெல்ல மெல்லக் கசிந்து போய்விடும். உலர்ந்த காற்றில் போகாது. கம்பளத்தின் மேல் ஒருவர் நடந்தால், காற்று நன்றாக உலர்ந்திருக்கும்போது உடம்பில் சுமார் 35,000 வோல்ட் வரை ஏறலாம் என்று பொறியியல் நூல்களில் கணக்கு உண்டு. அதே கம்பளத்தில் ஈரக் காற்றில் நடந்தால் சுமார் 1,500 வோல்ட்தான். 'ஐயோ, 35,000 வோல்ட்டா!' என்று பதற வேண்டாம். வோல்ட் பெரிது, ஆனால் பாய்கிற மின்சாரத்தின் அளவு துளிதான். கண் சிமிட்டும் நேரத்தில் தீர்ந்துபோகும். கடற்கரைக்குப் பக்கமான நம் மாவட்டத்தில் வருஷத்தில் பாதி நாள் காற்று ஈரமாகவே இருப்பதால் இந்தத் தொல்லை நமக்குக் குறைவு. ஏ.சி. அறைக்குள் போனால்தான் கூடும். ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடுகிறது அல்லவா?

பருத்தி உடுத்துங்கள். இரும்புக் கதவைத் தொடும் முன் கையிலுள்ள சாவியால் ஒரு முறை தொடுங்கள். சுரீர் என்பது சாவியோடு போய்விடும். இதற்கு லேகியம் தேவையில்லை.

ஃபேக்டரியில் எதற்கு இந்தக் கருவி?

மனிதருக்குச் சுரீர் என்று தெரியவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். ஆனால் செல்போனுக்குள் இருக்கிற சில்லு 100 வோல்ட்டுக்கும் குறைவான சுமையிலேயே பழுதாகலாம். அதாவது, வேலை செய்கிற பெண்ணுக்குத் தெரியாமலே அவள் விரல் பட்டு ஒரு சில்லு செத்துப்போகும். சில சமயம் உடனே சாகாது. 'நோயாளி'யாகிப் போய், வாங்கியவர் கையில் ஆறு மாதம் கழித்து நிற்கும். அதனால்தான் அங்கே இத்தனை கட்டுப்பாடு.

உடம்பிலுள்ள சுமையை எடுப்பது சுலபம். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, கம்பி வழியாகப் பூமிக்கு இணைத்துவிடுவார்கள். நின்று வேலை செய்கிறவர்களுக்குக் குதிகாலில் பட்டை. ஆனால் பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் மூடி, டேப் இவற்றைப் பூமியோடு இணைத்துப் பிரயோஜனமில்லை. மின்சாரம் அவற்றின் வழியே ஓடாது. சுமை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை எப்படி எடுப்பது? அங்கேதான் அயனைசர் வருகிறது.

அதற்குள் கூரான ஊசிகள் இருக்கும். சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தை அந்த ஊசிமுனைக்குக் கொடுத்தால், முனையைச் சுற்றியுள்ள காற்று அயனிகளாகப் பிரியும். பாஸிடிவ் அயனி, நெகடிவ் அயனி இரண்டும். பின்னாலிருக்கும் ஃபேன் அதை மேஜைமீது ஊதும். பிளாஸ்டிக்கில் நெகடிவ் சுமை இருந்தால் பாஸிடிவ் அயனி போய் ஒட்டிச் சமன் செய்யும். பாஸிடிவ் சுமை இருந்தால் நெகடிவ் அயனி. கூடினதைக் குறைத்து, குறைந்ததைக் கூட்டுகிற வேலை. முக்குற்றம் சமப்படுவதே ஆரோக்கியம் என்று படித்த எனக்கு இந்தத் தத்துவம் பிடித்திருக்கிறது! ஆனால் ஒப்புமை அத்தோடு சரி. 'வளிதான் அயனி, அயனிதான் வளி' என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள். சித்தர்கள் சொன்ன வளி உடம்பின் இயக்கத்தைப் பற்றிய கணக்கு. இது ஊசிமுனையில் உண்டாகிற காற்று மின்சாரம். இரண்டையும் குழப்பினால் சித்த வைத்தியத்துக்கும் மரியாதை இல்லை, விஞ்ஞானத்துக்கும் மரியாதை இல்லை.

துடைக்காத ஊசி... சுத்தி செய்யாத மருந்து!

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் மண்டையில் ஏற்றிய பாடம் 'சுத்தி'. எந்தச் சரக்கானாலும் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது. சேராங்கொட்டையைச் சுத்தி செய்தால் மருந்து. செய்யாமல் தொட்டால் தோல் வெந்துபோகும். அதே குடும்பத்து மரம்தான் நம் ஊர் முந்திரி. தோட்டெண்ணெய் பட்டுக் கறுத்துப் புண்ணான கைகளைப் பண்ருட்டிப் பக்கம் பார்க்காதவர்கள் உண்டா?

அயனைசருக்கும் அதே விதி. ஊசிமுனையில் நாளாக ஆக வெள்ளையாக ஒரு பொடி படியும். காற்றிலுள்ள நைட்ரஜனும் ஈரமும் சேர்ந்து உண்டாகிற அம்மோனியம் நைட்ரேட், அதோடு தூசி. இது படிந்தால் அயனி உற்பத்தி குறையும். அது மட்டுமில்லை. பாஸிடிவ் ஊசியில் ஒரு மாதிரியும் நெகடிவ் ஊசியில் ஒரு மாதிரியும் படிந்தால் 'சமன்' கெட்டுப்போகும். சமன் கெட்ட அயனைசர் என்ன செய்யும் தெரியுமா? சுமையை எடுக்க வேண்டிய கருவியே மேஜைமீது சுமையை ஏற்றும்! மருந்தே நஞ்சாகிற கதை. விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே தோன்றும்.

எலெக்ட்ரானிக்ஸ் தொழிலுக்கான சர்வதேசத் தரத்தில் இந்தச் சமன் பிளஸ் அல்லது மைனஸ் 35 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதை அளக்கத் தனிக் கருவி உண்டு. ஒரு தகட்டுக்கு 1,000 வோல்ட் சுமை ஏற்றி, அது 100 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்றும் பார்ப்பார்கள். ஊசியும் முனை மழுங்கித் தேயும். காலம் பார்த்து மாற்ற வேண்டும்.

இதை எதற்கு ஒரு வைத்தியன் சொல்கிறேன் என்று கேட்கலாம். கருவியைப் பார்த்துக்கொள்கிற கூடம் ஆளையும் பார்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஊசியைத் துடைக்க நேரமில்லாத இடத்தில், தண்ணீர் குடிக்கப் போகிற பெண்ணுக்கு மட்டும் நேரம் கொடுப்பார்களா? தவிரவும், உடல்நலத்தைப் பாதிக்கிற ஒரே ஒரு விஷயம், ஓசோன், இந்த ஊசிமுனையில்தான் உண்டாகிறது.

ஓசோன் வாசனை எப்படி இருக்கும்? மழைக்கு முன் இடி இடித்த பிறகு மூக்கில் ஏறுமே ஒரு காரமான வாசனை, ஜெராக்ஸ் கடையில் வருமே, அதுதான். வானத்தில் மிக உயரத்தில் இருக்கும்போது சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிறது. மூக்குக்கு நேரே வந்தால் தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கிறது. இருமல், நெஞ்சு இறுக்கம், ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத் திணறல். எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் ஓசோன் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் நாட்டுக் காற்றுத் தரத்திலும் 2009 முதல் அதே எண்தான். நல்ல தொழிற்சாலைக் கருவி, பெரிய கூடத்தில், காற்றோட்டத்தோடு ஓடும்போது இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். மேஜையில் உட்கார்ந்ததும் காரமான வாசனை வருகிறதென்றால் ஏதோ கோளாறு. சொல்லியாக வேண்டும்.

பெற்றோரின் பயம்

"கையில கரண்டு ஒயரைக் கட்டி உக்கார வைக்கிறாங்களாம் டாக்டரய்யா, புள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் காச்சி ஆவணும். கொழந்தை பொறக்கறதுல கோளாறு வந்துடாதே?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்ல வேண்டும்.

"அந்த ஒயர் கரண்ட்டை ஏத்துறதில்லம்மா, எறக்குறது. அதுக்குள்ள ஒரு தடை வச்சிருக்காங்க."

ஆமாம், மணிக்கட்டுப் பட்டையின் கம்பிக்குள் சாதாரணமாக 1 மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம் அளவுள்ள தடை இருக்கும். தவறுதலாக 230 வோல்ட் கம்பியைத் தொட்டுவிட்டால்கூட அந்தப் பட்டை வழியாகப் பாய்கிற மின்சாரம் கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவு. பிள்ளையைக் காப்பதற்காகவே அந்தத் தடை.

ஊசியுள்ள அயனைசர் எக்ஸ்ரே மெஷின் அல்ல. உடம்பை ஊடுருவுகிற கதிர் எதுவும் அதிலிருந்து வருவதில்லை. அது காற்றை அயனியாக்குகிறது. பிள்ளையின் கர்ப்பப்பையை எதுவும் செய்வதில்லை. 'அயனி' என்ற சொல்லும் 'அயனியாக்கும் கதிர்வீச்சு' என்ற சொல்லும் ஒரே மாதிரி ஒலிப்பதால் வந்த குழப்பம் இது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஊசி இல்லாத வேறு வகைகளும் உலகில் உண்டு. மென்மையான எக்ஸ்ரேயால் அயனியாக்குவது ஒன்று. அதைச் சுற்றிலும் அடைத்த பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து அயனியாக்குவது மற்றொன்று. அதன் அரை ஆயுள் 138 நாள் என்பதால் வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அமெரிக்காவில் 1988-ல் 3எம் கம்பெனி செய்த இந்த வகைக் காற்றுத் துப்பாக்கிகளிலிருந்து பொலோனியம் கசிவது தெரிந்து, அரசு தலையிட்டுத் திரும்பப் பெற வைத்தது. ஆகவே "உங்க மேஜையில இருக்கறது ஊசி வகையா, கதிரியக்க வகையா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. நம் நாட்டில் கதிரியக்கப் பொருள்களுக்கு மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாடு உண்டு. மஞ்சள் நிறத்தில் மூன்றிதழ் எச்சரிக்கைக் குறி ஒட்டியிருந்தால் விவரம் கேட்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு.

அப்படியானால் ஃபேக்டரியிலிருந்து லீவில் வருகிற பிள்ளைகள் எதற்குச் சோர்ந்து வருகிறார்கள்? நான் பார்க்கிற வரையில் காரணங்கள் ரொம்பச் சாதாரணம். ஏ.சி. காற்றில் கண் உலர்ந்து எரிகிறது. பாத்ரூம் போக அனுமதி கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதால் நீர்க்கடுப்பு. இரவு ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் தூக்கம் கெட்டு, மாதவிலக்கு முன்பின்னாகிறது. மணிக்கணக்கில் நின்று கால் வீக்கம். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிறு. இத்தனைக்கும் பழியை அந்த ஊதுகிற கருவி மேல் போட்டுவிட்டால் நிஜமான காரணங்கள் தப்பித்துக்கொள்கின்றன!

2021 டிசம்பரில் என்ன நடந்தது? ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் 250 பேருக்கு மேல் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். தோழிகளுக்கு என்ன ஆனதோ என்ற பதைப்பில் மற்றவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளைகளைப் படுக்கையில் தள்ளியது அயனி அல்ல, சோறு. பெற்றோர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

சிவகாசியில் வேறு பாடம்

நிலைமின்சாரம் என்றால் செல்போன் சில்லு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பட்டாசு மருந்துக்கு ஒரு சின்னப் பொறி போதும். அதனால்தான் சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்குள் நுழையும் முன் பூமியோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். நைலான், பாலியஸ்டர் கூடாது, பருத்திதான். தரையை ஈரமாக வைத்துக்கொள்வதும் உண்டு.

அங்கே சாதாரண அயனைசரை மாட்டினால் நல்லதுதானே என்று தோன்றும். கூடவே கூடாது! உயர் மின்னழுத்தம் பாய்கிற ஊசிமுனையே பொறி கக்கக்கூடியது. வெடிமருந்தோ பெட்ரோல், தின்னர் ஆவியோ இருக்கிற இடத்தில் அதற்கென்றே சான்று பெற்ற தனிவகைக் கருவி தவிர வேறு எதையும் கொண்டுபோகக் கூடாது. இடம் அறிந்து கொடுத்தால்தான் மருந்து. ஒரு நோய்க்கு நல்ல மருந்து இன்னொரு நோய்க்கு எமன்.

நம் ஊர்ப் புகைபோக்கிக்குள்ளும் அயனைசர்!

நெய்வேலி அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கியைத் தினமும் பார்க்கிறோம். அதற்கு முன்னால் பெரிய பெரிய இரும்புப் பெட்டிகள் போல நிற்பவை என்ன என்று யோசித்திருக்கிறீர்களா? அவைதான் இ.எஸ்.பி. எனப்படும் நிலைமின் சாம்பல் பிடிப்பான்கள். மேஜைமீது ஊதுகிற அயனைசரின் பெரியண்ணன்!

தத்துவம் ஒன்றுதான். பல பத்தாயிரம் வோல்ட் ஏற்றிய கம்பிகளுக்கு நடுவே புகை போகும்போது சாம்பல் துகள்களுக்குச் சுமை ஏறுகிறது. சுமை ஏறிய துகள் பக்கத்திலுள்ள தகட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. சுத்தியல்கள் அவ்வப்போது தகட்டைத் தட்ட, சாம்பல் கீழேயுள்ள தொட்டியில் விழுகிறது. அமெரிக்காவில் ஃபிரடெரிக் காட்ரெல் என்ற விஞ்ஞானி 1908-ல் காப்புரிமை பெற்ற வழி இது. சோவியத் உதவியோடு 1962-ல் ஓடத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. அதற்குப் பதிலாக வந்த 1,000 மெகாவாட் புதிய நிலையமும், இரண்டாவது நிலையமும் இன்று ஓடுகின்றன. நாம் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறோம் என்பதில் இந்தப் பெட்டிகளின் ஆரோக்கியத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பெட்டி 99.5 சதவீதம் சாம்பலைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே போவது அரை சதவீதம். கம்பி அறுந்தோ, தட்டுகிற சுத்தியல் பழுதாகியோ அது 99 சதவீதமாகக் குறைந்தால்? 'அரை சதவீதம்தானே' என்று தோன்றும். ஆனால் வெளியே போகிற சாம்பல் அரையிலிருந்து ஒன்றாகிவிட்டது. அதாவது இரட்டிப்பு! மேஜை அயனைசரில் ஊசியைத் துடைக்காவிட்டால் ஒரு செல்போன் வீணாகும். இங்கே தட்டாவிட்டால் ஊர்ப் பிள்ளைகளின் நுரையீரல்.

2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்குப் புதிய வரம்பு கொண்டுவந்தது. ஒரு கன மீட்டர் புகையில் தூசித் துகள், 2003-க்குள் நிறுவிய அலகுகளுக்கு 100 மில்லிகிராம், அதன்பின் 2016 வரை நிறுவியவற்றுக்கு 50, 2017 ஜனவரி முதல் நிறுவுபவற்றுக்கு 30. ஊர்க் கூட்டத்தில், கிராமசபையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி, "புகைபோக்கி எண்ணிக்கை இன்னிக்கு எவ்வளவு? இ.எஸ்.பி. எல்லாம் ஓடுதா?" என்பதுதான். வீட்டுக்கு வீடு மெஷின் வாங்கி வைப்பது அதற்கு மாற்று ஆகாது.

வீட்டுக்கு ஏன் வேண்டாம்?

கடைக்காரர் சொல்வார்: "நெகடிவ் அயனி தூசியை அழிச்சிடும் சார்." அழிக்காது. தூசிக்குச் சுமை ஏற்றி எதன்மேலாவது ஒட்டவைக்கும். தகடு வைத்த மெஷின் என்றால் தகட்டில் கொஞ்சம் ஒட்டும். தகடு இல்லாத மெஷின் என்றால் சுவரில், டி.வி.யில், திரைச்சீலையில். மெஷினைச் சுற்றிச் சுவரில் கறுப்பாகத் திட்டு விழும். துடைப்பத்தை எடுத்துப் பெருக்கும்போது மறுபடியும் கிளம்பும்.

ஆஸ்துமாவுக்கு? இதைப் பற்றி நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் ஆய்வுக் குழு, அயனைசரால் ஆஸ்துமாக்காரர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை என்றே சொன்னது. மன அமைதிக்கு? 2013-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு பதற்றம், மனநிலை, தூக்கம் எதிலும் நிலையான பலன் காணவில்லை. மிக அடர்த்தியாக அயனி கொடுத்தபோது மனச்சோர்வு அளவில் மட்டும் ஓரளவு குறைவு தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு 'சர்வரோக நிவாரணி' என்று விற்பது நியாயமா?

ஓசோனோ நிச்சயம். அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை 2005-ல் வீட்டு அயனைசர்கள் சிலவற்றைப் பரிசோதித்து, அவை காற்றையும் சரியாகச் சுத்தப்படுத்தவில்லை, ஓசோனையும் கக்குகின்றன என்று எழுதியது. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2010 அக்டோபர் முதல், ஓசோன் 0.05 பி.பி.எம்.முக்கு மேல் விடுகிற காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளை விற்கவே கூடாது. ஃபேக்டரிக் கூடம் பெரிது. காற்று மாறிக்கொண்டே இருக்கும். நம் வீட்டுப் படுக்கையறை பத்துக்குப் பத்து. ஜன்னலைச் சாத்திவிட்டு ராத்திரி முழுக்க, இழுப்பு உள்ள குழந்தையின் தலைமாட்டில் அதை ஓடவிட்டால்? 'மெஷின் வச்சும் இருமல் நிக்கலையே' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "மெஷினை நிறுத்திட்டு ஒரு வாரம் பாருங்க" என்பதுதான்.

காற்றுச் சுத்திகரிப்பான் அவசியம் என்று மருத்துவர் சொன்னால், ஹெப்பா வடிகட்டி உள்ளதாக, அயனி பட்டன் இல்லாததாக வாங்குங்கள். பட்டன் இருந்தால் அணைத்து வையுங்கள். தூசிக்கு நம் பாட்டி வழியே போதும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். ஜன்னல் கம்பியைத் துடையுங்கள். வாரம் ஒரு முறை படுக்கை விரிப்பை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். காசும் மிச்சம்.

வளையலும் டாலரும்

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது 'நெகடிவ் அயனி' வளையல், டாலர், படுக்கை விரிப்பு விற்கிறவர்களைப் பார்த்துத்தான். மூட்டுவலி போகும், சர்க்கரை இறங்கும் என்று கூட்டம் போட்டு விற்கிறார்கள். சிலர் 'சித்தர் சொன்ன பிராண சக்தி' என்று நம் பெயரையும் இழுத்துக்கொள்கிறார்கள்.

மின்சாரம் இல்லை, ஊசி இல்லை, பிறகு அயனி எங்கிருந்து வரும்? பல பொருள்களில் தோரியம், யுரேனியம் கலந்த தாதுப்பொடியைச் சேர்க்கிறார்கள். அதன் கதிரியக்கம் காற்றை அயனியாக்குகிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்து நாட்டு அணுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பத்துப் பொருள்களைப் பரிசோதித்து, கதிரியக்கம் உள்ளவை, அணியாதீர்கள் என்று மக்களை எச்சரித்தது. அதில் குழந்தைகளுக்கான கைவளையும் இருந்தது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருப்பதை அறிந்த தமிழர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்த மணலை அரசு நிறுவனம் கட்டுப்பாட்டோடு கையாளுகிறது. நாமோ அது போன்றதைக் காசு கொடுத்து வாங்கி இருபத்து நாலு மணி நேரமும் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்வதா?

எந்தச் சித்தர் நூலிலும் இப்படியொரு டாலர் கிடையாது. சொல்கிற வைத்தியர் யாராயிருந்தாலும் நம்பாதீர்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்

இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வேலைக்குப் போகிற பிள்ளையின் பையில் வைத்து அனுப்பினால் சந்தோஷப்படுவேன்.

1. ஷிஃப்ட் ஆரம்பத்தில் மணிக்கட்டுப் பட்டையைச் சோதனைக் கருவியில் பார்த்துவிட்டு உட்காரவும். பட்டை தோலில் படிந்து இருக்க வேண்டும். சட்டைக் கைக்கு மேல் கட்டக் கூடாது.

2. அயனைசர் ஓடுகிறதா, காற்று வேலை செய்கிற இடத்தில் நேராகப் படுகிறதா என்று பார்க்கவும். அதற்கு முன்னால் டப்பா, ஃபைல், டிரே எதையும் அடுக்கக் கூடாது. கண்ணுக்கு நேரே ஊதினால் திசையை மாற்றித் தரச் சொல்லவும்.

3. ஊசியைத் துடைக்கிற வேலை கொடுத்தால் முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மறுபடி போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் தீப்பிடிக்கலாம். முனை கூர், விரலைக் குத்தும்.

4. பின்பக்கத்து வடிகட்டியில் தூசி அடைத்தால் காற்று குறையும். கடைசியாகத் துடைத்த தேதி, சமன் அளந்த தேதி எழுதிய சீட்டு கருவியிலேயே ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் சூப்பர்வைசரிடம் கேட்கவும்.

5. காரமான வாசனை, 'சரசர' சத்தம், நீலப் பொறி எது தெரிந்தாலும் அணைக்கச் சொல்லவும்.

6. ஏ.சி.யில் தோல் வறண்டால் பட்டை சரியாகத் தொடர்பு கொடுக்காது. ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, காலையில் நன்றாகக் கழுவிவிட்டுப் போகவும். எண்ணெய்க் கையோடு சில்லைத் தொடக் கூடாது.

7. தண்ணீரைக் குறைக்காதே. லீவில் வந்தால் எண்ணெய்க் குளியல், மோர், இளநீர், நல்ல தூக்கம். இது என் வைத்தியச் சீட்டு.

வயசுப் பெண்ணை வெளியூர் அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிற தாய்மார்களே! பயப்பட வேண்டிய விஷயத்துக்கு மட்டும் பயப்படுங்கள். போனில் பேசும்போது "அந்த மெஷினு ஒண்ணும் பண்ணலையே?" என்று கேட்பதோடு, "சாப்பாடு நல்லாருக்கா? தண்ணி குடிக்கிறியா? ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கற? தள்ளிப் போகுதா?" என்றும் கேளுங்கள். அங்கே ஊசியைத் துடைக்கிற அக்கறை, இங்கே புகைபோக்கிப் பெட்டியைத் தட்டுகிற அக்கறை, வீட்டில் ஈரத் துணியால் தரையைத் துடைக்கிற அக்கறை... இந்த மூன்றும் இருந்தால் கடையில் விற்கிற அயனி நமக்கு எதற்கு?